ஒன்பது நீலப் பாவு

பாவு பிணைக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி நம் குழுவில் கேட்டார்கள். எழுந்து நின்று பேச எனக்கு வராது. ஐந்து பேர் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தாலே நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். யாராவது ஒருத்தி படித்துக் காட்டுங்கள். நான் ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனவள். வாக்கியம் கோணலாக இருந்தால் படிக்கிறவள் நிமிர்த்திக்கொள்ளட்டும்.

பிணைப்பது எப்படி என்று இதில் இல்லை. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவு தீரும்போது அதன் நுனியோடு புதுப் பாவின் நுனியைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் ஒரு முறுக்கு. இழைக்கு இழை அப்படியே, ஆயிரக்கணக்கில். முதலில் மலைப்பாக இருக்கும், கொஞ்ச நாளில் விரல் தானாக ஓடும். விரலுக்குப் பழகாத வேலை ஒன்று இதற்குள் இருக்கிறது. இன்றைக்கு ஒருவர் வீட்டுத் தறியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்போம். நாளைக்கு அவரோடு போட்டி போடுகிற இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்திருப்போம். இரண்டு வீட்டிலும் காபி கொடுப்பார்கள். இரண்டு வீட்டிலும் நம் முன்னாலேயே எல்லாம் பேசுவார்கள். சேலை பிறப்பதற்கு முன்னாலேயே அதன் நிறம் நமக்குத் தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டு எப்படி நடப்பது என்பதில் நான் ஒரு தடவை தவறினேன். அதைத்தான் எழுதுகிறேன்.

தெருவுக்கு ஒரு எஸ்.டி.டி. போன் பூத் வந்திருந்த காலம் அது. அதற்கு முன்னால் பிணைக்கிற பெண்களுக்கு அவரவர் வீடு என்று இருந்தது. என் வாடிக்கை வீட்டுக்கு நீ போகமாட்டாய், உன் வீட்டுக்கு நான் வரமாட்டேன். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அவளுடைய வீடுகளில் பாவு தீர்ந்த தறிகள் அவளுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். நாங்கள் பதினோரு பேர் சேர்ந்து அந்த முறையை விட்டோம். பாவு தீரப்போகிறது என்றால் பூத்தில் சொல்லி வைத்தால் போதும், யார் கை சும்மா இருக்கிறதோ அவள் போவாள். இப்போது உங்களுக்கு இது சாதாரணம். அப்போது வீடுகளில் எளிதாக ஒத்துக்கொள்ளவில்லை. முன்பின் தெரியாதவளை எப்படி உள்ளே விடுவது என்றார்கள். நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சொன்னேன் என்றால் அதிகம் பேசவில்லை, வாசலில் நின்றேன், அவ்வளவுதான். வேதாக்கா வாய் பேசாது, அவங்க கூட்டிவர ஆளும் அப்படித்தான் இருக்கும் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். என் கூச்சம்தான் எங்கள் பதினோரு பேருக்கும் முதலாக இருந்தது.

பிள்ளையார்பாளையத்தில் நாலு தறி வைத்திருந்த ஒரு வீடு எனக்குப் பல வருஷப் பழக்கம். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள். அந்த வீட்டுக்காரியைக் கமலா என்று வைத்துக்கொள்ளுங்கள், அது அவள் பெயர் இல்லை. கமலாவின் புருஷன் நல்ல நெசவுக்காரர், நாலு வார்த்தை சேர்த்துப் பேசத் தெரியாது. யோசனை எல்லாம் கமலாவுடையது.

நாலு தறி வீட்டால் தனியாக எதுவும் செய்யமுடியாது. புதுசாக ஒன்று போட்டுப் பார்க்க வேண்டும் என்றால் நூலுக்குச் சாயம் போடுகிறவர் மனசு வைக்க வேண்டும். நெய்ததை எடுத்துப் போய்க் காட்ட ஓர் ஆள் வேண்டும். கமலாவுக்கு இரண்டும் இருந்தது. அடுத்த தெருச் சாயக்காரரின் மனைவி அவளோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவள். சரிகை விற்கிற பாய் வாரத்துக்கு ஒரு நாள் மெட்ராஸ் போய்வருவார். அங்கே அவருடைய அக்கா வீடு இருந்தது. அக்கா மகன் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலை. பாய் கையில் ஒரு சேலையைக் கொடுத்தனுப்பினால் கடை முதலாளி கண்ணில் படும். பெரிய வீட்டுக்காரர்கள் கார் வைத்துக்கொண்டு போய்க் காத்திருக்கிற இடத்துக்குக் கமலாவின் சேலை பாயின் பிளாஸ்டிக் பையில் போய்ச் சேர்ந்துவிடும்.

ஒரு நாள் கமலா சாயப்பட்டறைக்குப் போயிருக்கிறாள். அங்கே கொடியில் நீல நூல் காய்ந்துகொண்டிருந்தது. கரும் நீலம் போட்ட தொட்டித் தண்ணீரைக் கொட்டாமல், மிச்ச நூலை அதிலேயே ஒவ்வொரு கட்டாக முக்கி எடுத்திருந்தார்கள். முக்க முக்கச் சாயம் குறைந்து, கடைசிக் கட்டு வெளுத்த வானம் மாதிரி. ஒன்பது கட்டு, ஒன்பது நீலம், வரிசையாகக் கொடியில். இதை இப்படியே பாவாகப் போட்டால் என்ன என்று கமலாவுக்குத் தோன்றியது. ஒரு கரையில் கருப்பாகத் தொடங்கி மறு கரையில் வெளுப்பாகக் கரைய வேண்டும், நடுவில் எங்கே மாறுகிறது என்று தெரியக்கூடாது. சாயக்காரர் முடியும் என்றார். இரண்டு மூன்று தடவை பட்டறையில் போட்டுப் பார்த்துக் கழித்த பிறகு சரியாக வந்தது. பாவு ஆனதும் பிணைக்க என்னைக் கூப்பிட்டாள்.

நான் பார்த்த பாவிலேயே அது தனி. பிணைத்து முடித்தபோது கமலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். யாருக்கும் தெரியக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தாள். ஒரு பாவில் மூன்று சேலை. மூன்றும் முடிந்ததும் சேர்த்து எடுத்துப் போவதாகப் பாய் சொல்லியிருந்தார்.

அடுத்த வாரம் முப்பது தறி வைத்திருந்த ஒரு முதலாளி வீட்டில் எனக்கு வேலை. நல்ல மனிதர். என் மகள் பிரசவத்துக்கு வண்டி அனுப்பியவர். அன்றைக்குக் கருப்புப் பாவு. கருப்பில் கருப்பைப் பிணைப்பது கண்ணுக்குக் கஷ்டம். அவர் அந்தப் பக்கம் வந்தவர் நின்று பார்த்தார்.

"வேதாம்மா, கண்ணு தெரியுதா? இல்ல விரலாலயே குருட்டாம்போக்குல போட்டுக்கினு இருக்கிறியா?"

சும்மா கேலிதான். அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார், நான் தலையைக் குனிந்துகொள்வேன். அன்றைக்கு ஏனோ சுருக்கென்றது. எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கண் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம் வேலை போயிற்று. அந்தப் பயமும், கை வேலையில் இருந்த கர்வமும் சேர்ந்துகொண்டது. வாய் திறந்தேன்.

"போன வாரம் ஒம்போது நீலத்த இழை மாறாம பிணைச்சேன்."

"ஒம்போது நீலமா? பட்டை பட்டையாவா?"

"பட்டை இல்ல. ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரைஞ்சாப்பல."

அவ்வளவுதான். யார் வீடு என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பினேன். ஒன்றும் சொல்லவில்லையே, பெயரைச் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

முப்பது தறி வீட்டில் ஒரு யோசனை விழுந்தால் அது நிற்காது. சாயத்துக்கு ஆள், பாவுக்கு ஆள், ஒரே சமயத்தில் ஐந்தாறு தறி. ஒரு சேலை முடிந்ததுமே அவர் எடுத்துப் போய்விட்டார். கமலா வீட்டில் மூன்றாவது சேலை தறியில் இருக்கும்போதே பாய் மெட்ராஸிலிருந்து வந்து நின்றார். அன்றைக்கு நான் அந்த வீட்டில் இன்னொரு தறியில் இருந்தேன். கடையில் ஒரு சேலையைப் பிரித்துக் காட்டினார்களாம். நீலம், கரைந்து கரைந்து போகிற நீலம். நம்ம ஊர்ச் சரக்குதான், போன வாரமே வந்துவிட்டது, இன்னும் நிறைய வருகிறது என்றார்களாம். கமலாவின் சேலையைப் பற்றிப் பேச்செடுக்காமலே பாய் திரும்பிவிட்டார்.

கமலா அழவில்லை. குறுக்கு நூலுக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்த ராட்டையை நிறுத்திவிட்டு விரல்விட்டு எண்ணினாள். தெரிந்தவர்கள் யார் யார்? நாம ரெண்டு பேர். பாய், விற்கப் போகிறவரே அவர்தான். சாயக்காரர். இழைகளை நீட்டிப் பாவு ஓட்டினவர், அவர் கமலாவுக்குச் சித்தப்பா. அப்புறம் வேதாக்கா. என் பெயரைச் சொல்லிவிட்டு, அந்த விரலை உடனே மடக்கிவிட்டாள். வேதாக்கா சொல்லமாட்டாங்க என்று சொல்லக்கூட இல்லை, அந்த அளவுக்கு. மிச்சம் சாயக்காரர்.

அவள் புருஷன் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். அதிகம் பேசத் தெரியாத மனுஷன் பட்டறை வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினார் என்று மறுநாள் தெரிந்தது. சாயக்காரர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யத் தயார் என்றாராம். அன்றோடு அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. தண்ணீர்க் குழாயில்கூட ஒருத்தி வந்தால் இன்னொருத்தி குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். தறியில் உட்கார்ந்தபடி இழையை முறுக்கிக்கொண்டே இருந்தேன். இரண்டு மூன்று இழை அறுந்தது, எடுத்து மறுபடி முறுக்கினேன். நான் சொன்னால் என் வேலை மட்டும் போகாது, பிணைக்கிறவள் வாய் நீளம் என்ற பேச்சு கிளம்பினால் பதினோரு பேருக்கும் கதவு சாத்தப்படும் என்று நினைத்தேன். அது பொய் இல்லை. ஆனால் அதை நினைத்தது அவர்களுக்காக மட்டும் என்று சொன்னால் பொய். எனக்குப் பயம். இத்தனை வருஷம் வாய் பேசாதவள் என்று எடுத்த பெயர் போய்விடுமே என்ற பயம்.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தப்பு செய்த அன்றைக்கு அது சின்னதாகத்தான் இருக்கும். நாம் மூடிவைத்த பிறகுதான் அது வேறு வீடுகளுக்குப் போகும்.

ஆறு மாசம் அப்படிப் போனது. கமலா வீட்டில் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத் தறியில் உட்காருவேன். சாயக்காரர் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு நடப்பேன்.

ஆடி பிறந்த சமயம் பாய் மறுபடி ஒரு செய்தி கொண்டுவந்தார். வேறொரு கடை, அக்கா மகன் மூலம் பாய்க்குப் பழக்கமானது. அந்த நீலச் சேலை நன்றாக விற்றதைப் பார்த்து, தங்களுக்கு வேறு மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். முதலில் இதை யோசித்தது எந்த வீடு என்று பாய் அவர்களிடம் சொல்லியிருக்கிறார். அரக்கில் தொடங்கி ரோஸில் கரைய வேண்டும், பன்னிரண்டு படி. தீபாவளிக்கு முன்னால் முப்பத்தாறு சேலை. தவறினால் இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்களாம். பாய் கமலாவின் புருஷனிடம் சொன்னதை நானே கேட்டேன்.

"அக்கா மகன் பேச்சுல கடைக்காரரு என்னிய நம்புறாரு. நான் உங்கள நம்பிப் பேசிட்டேன். இதுல ஒண்ணு அறுந்தா மூணு பேரும் விழுவோம் பாருங்க."

முப்பத்தாறு சேலைக்குப் பன்னிரண்டு தறி வேண்டும். இவர்களிடம் நாலு. எட்டுக்கு எங்கே போவது? கமலாவின் புருஷன் நேராக என்னிடம் வந்தார். எந்த வீட்டில் பாவு எப்போது தீரும், எந்த நெசவுக்காரர் கை சுத்தம், எந்த வீட்டில் வாய் அடக்கம், இதெல்லாம் நம்மைப் போல யாருக்குத் தெரியும்? நான் எங்கள் பெண்களைக் கேட்டு, எட்டு வீடு சொன்னேன். எட்டும் ஒற்றைத் தறி, இரண்டு தறி வைத்திருந்த வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் அவரோடு நானே போனேன். என் முகத்துக்காக எட்டுப் பேரும் வேறு பாவு வாங்காமல் ஒரு தறியைக் காலியாக வைப்பதாகச் சொன்னார்கள். திரும்பி வரும்போது அவர் சொன்னார்:

"நீங்க கை காட்டுன வீடுன்னா எனக்கு யோசனையே இல்லக்கா."

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்தேன்.

சாயத்துக்கு அவர்கள் வேறோர் ஆளிடம் போனார்கள். பெரிய பட்டறை. முதல் பாவுக்கு நூல் வந்தது, நான்தான் பிணைக்க உட்கார்ந்தேன். பாதி போவதற்குள் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு நிறமும் தனித்தனியாக நன்றாகத்தான் இருந்தது. ஒன்றோடு ஒன்று சேரவில்லை. அரை முழம் நெய்து பார்த்ததும் கமலாவும் பார்த்தாள். படிக்கட்டு மாதிரி கோடு கோடாக இருந்தது. அந்தப் பட்டறைக்காரர் மறுபடியும் போட்டுக் கொடுத்தார். கோடு இடம் மாறியது, போகவில்லை. ஆவணி பிறந்துவிட்டது. எட்டு வீட்டில் எட்டுத் தறி காலியாக நின்றது. ஒரு வீட்டிலிருந்து பூத்துக்குப் போன் வந்தது, பாவு எப்போ வரும், வேற எடத்துல கூப்பிடறாங்க என்று. இன்னொரு வீட்டம்மா என்னைக் கோயில் வாசலில் பார்த்து, ஒங்க பேச்ச நம்பித்தான் சும்மா குந்திக்கினு இருக்கிறோம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

மறுநாள் காலையில் போனேன். கமலா தனியாகத் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் பாயைப் பார்க்கப் போயிருந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது என்று ராட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"பழைய சாயக்காரரையே கூப்பிடும்மா."

"அந்தாளு பேச்ச எடுக்காதீங்கக்கா. ஒரு தரம் பட்டது போதும்."

"அவரு சொல்லல."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"சொன்னது நான்."

ராட்டை நின்றது. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். எந்த வீடு, எந்த நாள், அவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், எத்தனை வார்த்தை. எல்லாம் சொன்னேன். கருப்புப் பாவு, அவர் கேலி செய்தது, எனக்குச் சுருக்கென்றது, எதையும் விடவில்லை.

"கண்ணு தெரியுதுன்னு காட்டிக்கவாக்கா எங்க வயித்துல அடிச்சீங்க?"

ஆமாம் என்றேன்.

"இந்த ஆறு மாசமும் எங்க வீட்டுக் காபியக் குடிச்சுக்கினு."

அதற்கும் ஆமாம் என்றேன். திட்டுவாள், எழுந்து போகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. கணக்கிட்டுப் பார்ப்பது போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்க வீட்டுக்காரரு அந்த மனுஷன் வாசல்ல போயி நிக்கணும், அதுக்கு முன்னாடி நீங்க போயி இதையே அவர்கிட்ட சொல்லிட்டு வாங்க என்றாள். ஒரு வார்த்தை குறையாம, என்று சேர்த்துச் சொன்னாள்.

சாயப்பட்டறைக்குப் போனேன். அவர் முழங்கை வரைக்கும் பச்சையாக நின்றுகொண்டிருந்தார், தனியாக. தொட்டியில் கம்பைத் திருப்புவதும் அவரே, நூலைத் தூக்கிப் பிழிவதும் அவரே. நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் கம்பைக் கீழே வைக்கவில்லை. முடித்த பிறகு வைத்தார்.

"நான் சொல்லலன்னு எனக்குத் தெரியும் வேதாக்கா. பட்டறையில அன்னிக்கு இருந்தது ரெண்டே பேரு. நான் இல்லன்னா அவன்தானன்னு மாப்பிள்ளைய அனுப்பிட்டேன்."

அவருடைய தங்கை புருஷன்தான் அதுவரைக்கும் அந்தப் பட்டறையில் கூட நின்றவர். எனக்கு அப்போதுதான் புரிந்தது. பட்டறையில் அவரை ஏன் காணவில்லை என்று ஆறு மாசத்தில் நான் யாரையும் கேட்டதில்லை, அந்தத் தெருப் பக்கமே போகாததால். சத்தியம் பண்ணச் சொன்னேன், பண்ணினான், அதையும் நம்பவில்லை என்றார். மாப்பிள்ளை இப்போது வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குவதாகவும், தங்கை ஆறு மாசமாக அண்ணன் வாசற்படியை மிதிக்கவில்லை என்றும் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தொட்டியைப் பார்த்துச் சொன்னார்.

கமலா வீட்டு வேலையைப் பற்றிக் கேட்டேன். செய்கிறேன் என்றார், அவர்கள் மேல் தனக்கு ஒன்றும் இல்லை என்றார். ஆனால் அந்தச் சாயம் ஒற்றை ஆளால் வராது. ஒருவர் கம்பைத் திருப்ப, இன்னொருவர் எந்த நிமிஷத்தில் எடுப்பது என்று பார்க்க வேண்டும். அந்தக் கண் மாப்பிள்ளைக்குத்தான் உண்டு.

அன்றைக்கே பஸ் ஏறினேன். தனியாக வெளியூர் போய் எனக்குப் பழக்கமில்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இரண்டு மில்லில் விசாரித்து மூன்றாவதில் ஆளைப் பிடித்தேன். தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு, தவிடு அப்பிய உடம்போடு வந்தார். மூன்றாவது தடவையாக அதையே சொன்னேன். மூன்றாவது தடவை எளிதாக இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"மச்சான் அனுப்பிச்சாரா, நீங்களா வந்தீங்களா?"

அவர் அனுப்பினார் என்று சொன்னால் உடனே வந்துவிடுவார் என்று தெரிந்தது. எட்டுத் தறி காலியாக நிற்கிறது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. இதிலும் ஒரு பொய்யா என்று இருந்தது.

"நானாத்தான் வந்தேன்பா. ஒன் மொகத்தப் பாக்க அவருக்கு வெக்கம்."

"அப்ப அவரே வரட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்சம் போனவர் திரும்பி வந்தார். "அந்த நீலத்த வரிசையா கொடியில போட்டவனே நான்தான். அதப் பாத்துத்தான அந்தம்மாவுக்குத் தோணுச்சு. என் வேலைய நானே வெளிய போயி விப்பனா?"

பஸ்ஸில் திரும்பி வந்து சாயக்காரரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். வேறு யோசனை எதுவும் சொல்லவில்லை. அன்று முழுக்க அவர் அசையவில்லை. மறுநாள் காலையிலும் அசையவில்லை. அந்த ஒன்றரை நாளைப் போல ஒரு நேரம் என் வேலைக்காலத்தில் வந்ததில்லை. எட்டு வீட்டில் ஒரு வீடு பொறுக்க முடியாமல் வேறு பாவு ஏற்றிவிட்டது. எங்கள் குழுவில் தனலட்சுமி ஓடிப்போய் அதற்குப் பதில் ஒரு தறியைப் பேசி வைத்தாள். இரண்டாம் நாள் மத்தியானம், சாயக்காரர் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறினார் என்று பூத்தில் சொன்னார்கள்.

மாப்பிள்ளை வந்தார். பன்னிரண்டு பாவுக்கும் நூல் போட்டு முடிக்கிற வரைக்கும் இருந்தார். அரக்கு எங்கே முடிகிறது, ரோஸ் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் விரல் வைத்துக் காட்டமுடியவில்லை. கடைசிக் கட்டைக் கொடியில் போட்ட அன்றைக்குச் சாயம் போகக் குளித்துவிட்டு, மறுபடியும் மில்லுக்கே போய்விட்டார். எவ்வளவு சொல்லியும் இருக்கவில்லை. தங்கை மட்டும் அண்ணன் வீட்டுக்கு வரப்போக ஆரம்பித்தாள். சரிசெய்ய முடிந்தது அவ்வளவுதான். மிச்சம் சரியாகவில்லை, அதைச் சரியானது போல எழுத எனக்கு விருப்பமில்லை.

முப்பத்தாறு சேலையும் தீபாவளிக்கு முன்னால் பாயோடு போய்ச் சேர்ந்தது. அந்த எட்டு வீட்டுக்காரர்களும் அதற்குப் பிறகு கமலா வீட்டோடு சேர்ந்தே நெய்தார்கள். ஒரு வீட்டில் புதுசாக ஒன்று தோன்றினால் மற்ற வீடுகள் தறி கொடுக்கும், பாய் எடுத்துப் போவார். பெரிய கட்டடம் எதுவும் கட்டவில்லை, ஒருவரை ஒருவர் தெரியும், அதுதான் அவர்கள் பலம். அந்தப் பலம் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட ஆரம்பித்தால் ஒரு நாளில் போய்விடும். தறி எங்கே காலியாக நிற்கிறது என்பதை நாம் தாராளமாகச் சொல்லலாம், அதனால் நாலு பேர் பிழைப்பார்கள். தறியில் என்ன ஏறியிருக்கிறது என்பதைச் சொல்லக்கூடாது. கேட்கிறவர் நல்லவராக இருந்தாலும், பெயரைச் சொல்லாவிட்டாலும், நம் கைத்திறமையைக் காட்டுவதற்காக இருந்தாலும். திறமையைக் காட்டத் துடிக்கும் போதுதான் அதிகமாகக் கொட்டிவிடுகிறோம். என்னைப் போல எப்போதும் பேசாதவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

முப்பது தறி முதலாளியைப் பற்றிக் கேட்பீர்கள். அவர் வீட்டுக்கு நான் தொடர்ந்து போனேன். அவர் பண்ணினது வியாபாரம். கேலி செய்தால் பழையபடி தலையைக் குனிந்துகொண்டேன்.

கமலா எங்கள் குழுவைத் தள்ளிவிடவில்லை. அது அவளுடைய பெருந்தன்மை என்றுதான் சொல்வேன். தீபாவளி கழிந்து, அந்த வீட்டில் அடுத்த பாவு தீர்ந்தபோது பூத்துக்குச் செய்தி வந்தது. ஆள் அனுப்பச் சொல்லியிருந்தாள். வேதாக்கா வேணாம் என்றும் சொல்லியிருந்தாள். பூத்துக்காரர் அதைத் தயங்கித் தயங்கித்தான் என்னிடம் சொன்னார். நியாயம்தான் என்றேன். தனலட்சுமியை அனுப்பினேன். எனக்கும் அவளுக்கும் நாலைந்து வயதுதான் வித்தியாசம், கை நல்ல கை.

சாயங்காலம் வேலை முடிந்த விவரம் சொல்ல அவள் பூத்துக்கு வந்தாள். முகமெல்லாம் ஒரே பூரிப்பு. விரலில் சாம்பல்கூடக் கழுவவில்லை.

"அக்கா, இன்னிக்கு ஒரு பாவு பாத்தேன் பாரு, அந்த நிறம்..."

"வேணாம் தனம். சொல்லாத."

அவள் முகம் வாடிவிட்டது. என்னிடம் கூடவா என்பது போலப் பார்த்தாள். என்னிடம்தான் முதலில் சொல்லக்கூடாது என்று எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. நாற்பது வருஷம் இழையைத் தொட்டவளுக்கு ஆசை இருக்காதா? இருவரும் தெருமுனை வரைக்கும் நடந்து, அவரவர் வீட்டுக்குப் பிரிந்தோம்.

அது என்ன நிறம் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.